மருத்துமலையின் நிபந்தனைகள்

(பெங்களூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"ஒரு கற்பனை உலகத்துக்கு ஒரு மாய மூலிகை வேண்டும். அது என்ன செய்யும், எங்கே விளையும், யார் பறிக்கலாம் என்று நம் மரபை வைத்துச் சொல்லுங்கள்." இன்றைய மாலைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள் இதுதான். கேட்டவர்கள் இந்த ஊரில் கணினி விளையாட்டுகள் உருவாக்கும் நம் பிள்ளைகள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரராகவும் வைத்தியராகவும் வேடம் ஏற்று ஆடும் ஆட்டத்தில் ஈடுபாடு உள்ளவர்களும் அவர்களில் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய ஆட்டமுறை அது.

இதைச் சிறுபிள்ளை விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. செத்தவரைப் பிழைக்க வைக்கும் செடி எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு மனிதனுக்கு மிகப் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. மெசபடோமியாவின் கில்காமேஷ், நண்பன் இறந்த துயரத்தில் இளமை திரும்பும் செடியைத் தேடிப் போகிறான். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நீரின் அடியில் இறங்கி, கை முள்ளில் கிழிபட, அதைப் பறித்தும் விடுகிறான். வழியில் குளிக்க இறங்கிய நேரத்தில் ஒரு பாம்பு அதைத் தின்று சட்டையை உரித்துக்கொண்டு போய்விடுகிறது. கிரேக்கத்து ஹோமர் சொல்லும் 'மோலி' என்ற செடிக்குக் கறுப்பு வேர், பால் போன்ற பூ. மனிதர் தோண்டினால் எளிதில் வராது, தேவர்களுக்கு மட்டும் வரும். ஐரோப்பாவில் 'மாண்ட்ரேக்' வேரைப் பிடுங்கினால் அது அலறும், கேட்டவர் செத்துப்போவார் என்ற அச்சத்தில் நாயைக் கட்டிப் பிடுங்க வைத்த கதைகள் உண்டு.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் செடியின் ஆற்றலைச் சொல்ல ஒரு வரி போதுமாக இருக்கிறது. மீதிக் கதை முழுவதும் நிபந்தனைகள்தான்: எங்கே போக வேண்டும், யார் தொடலாம், எதை இழக்க வேண்டும், எப்போது கை நழுவும். இன்று நான் சொல்ல வந்ததும் அதுவே. மாய மூலிகைக்கு உயிர் கொடுப்பது அதன் நிபந்தனைகள். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் மூலிகை என்பது ஒரு சிவப்புக் குப்பியாகச் சுருங்கிவிட்டது. குடித்தால் குறைந்த உயிர் நிரம்புகிறது, தீர்ந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம். அதில் தேடலும் இல்லை, அறிவும் இல்லை, கடனும் இல்லை. நம்மிடம் இருக்கும் கதையோ இதைவிட எவ்வளவோ நுட்பமானது. அதை விதி விதியாகப் பிரித்துப் பார்க்கலாம் வாருங்கள்.

நான் சொல்வது அனுமன் மருந்துமலை கொண்டுவந்த கதை. வால்மீகியின் யுத்த காண்டத்திலும், கம்பனின் மருத்துமலைப் படலத்திலும் வருவது. இந்திரசித்து பிரம்மாத்திரம் விடுகிறான், வானரப் படை மொத்தமாகச் சாய்கிறது. விழுந்தவர்களின் தொகை வால்மீகியில் 67 கோடி. இருட்டில் வீடணனும் அனுமனும் பிணங்களுக்கு நடுவே யாருக்காவது உயிர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு வருகிறார்கள். முதியவரான சாம்பவான் குற்றுயிராகக் கிடக்கிறார். வால்மீகியில் அவர் கேட்கும் முதல் கேள்வியே அனுமன் உயிரோடு இருக்கிறானா என்பதுதான். இராமனைப் பற்றிக்கூட அவர் முதலில் கேட்கவில்லை. அனுமன் பிழைத்திருந்தால் எல்லோரும் பிழைத்த மாதிரி என்பது அவர் கணக்கு. இங்கே பாருங்கள், மருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை, மலையைத் தாண்டத் தெம்புள்ளவனுக்கு மருந்து எங்கே என்று தெரியாது. இருவரும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். நாலு பேர் கூடி ஆடும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

சாம்பவான் சொல்லும் மருந்து ஒன்றில்லை, நான்கு. வடமொழியில் மிருதசஞ்சீவினி, விசல்யகரணி, சாவர்ணியகரணி, சந்தானகரணி என்று பெயர். முதலாவது மாண்டவருக்கு உயிர் தரும். அடுத்தது உடம்பில் தைத்த ஆயுதத்தை வெளியே எடுத்துப் புண்ணை ஆற்றும். இன்னொன்று பழைய நிறத்தையும் உருவத்தையும் மீட்கும். கடைசி ஒன்று துண்டான உடம்பைப் பொருத்தும். கம்பனிலும் இந்த நால்வகை வேலை இருக்கிறது. எல்லாம் தீர்க்கும் ஒரே மருந்து என்ற சோம்பேறித்தனமான கற்பனைக்கு இங்கே இடமில்லை. உயிர் வந்தும் அம்பு உள்ளேயே இருந்தால் அந்த உயிரால் பயன் என்ன? போர்க்களத்தில் காயம் பார்த்த ஒருவரின் அனுபவம் இந்தப் பிரிப்புக்குப் பின்னால் இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடமும் துல்லியமாகச் சொல்லப்படுகிறது. கயிலைக்கும் இரிடப மலைக்கும் நடுவே, ஒளி வீசும் மருந்துமலை. அனுமன் போய்ச் சேர்கிறான். அங்கேதான் கதை திரும்புகிறது. தம்மைப் பறிக்க ஒருவன் வந்துவிட்டான் என்று அறிந்து மூலிகைகள் ஒளிந்துகொள்கின்றன! வால்மீகியில் அனுமனுக்குக் கோபம் வந்து சிகரத்தையே பெயர்க்கிறான். பின்னால் இலக்குவன் வேல் பட்டு விழும்போது, மருத்துவன் சுசேணன் சொல்ல, இரண்டாம் முறையாகவும் போகிறான். அப்போதும் எது அந்தச் செடி என்று இனம் காண முடியாமல் சிகரத்தோடு திரும்புகிறான். செடியைக் கண்டெடுத்து, நசுக்கி, இலக்குவன் மூக்கில் பிடிப்பது சுசேணன்தான். மலையைத் தூக்கும் வலிமை உள்ளவனுக்கு ஒரு செடியை அடையாளம் காண முடியவில்லை. செடி அறிந்தவனுக்கு மலையைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

கம்பன் இதில் இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கிறான். அந்த மருந்துகளைக் காக்கும் தெய்வங்கள் அனுமனைத் தடுத்து, நீ யார் என்று கேட்கின்றன. வந்த காரியத்தைச் சொன்னதும் வழி விடுகின்றன. ஆனால் வேலை முடிந்ததும் கெடாமல் எங்களிடம் சேர்த்துவிடு என்று சொல்லித்தான் விடுகின்றன. அனுமனும் காரியம் முடிந்த பிறகு மலையைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வருகிறான். வால்மீகியிலும் முதல் முறை அப்படித்தான். எடுத்ததைத் திருப்பி வைப்பது வீரனின் வேலையில் ஒரு பகுதி.

எனக்கு மிகவும் பிடித்த விதி இனித்தான் வருகிறது. மருந்துக்காற்று பட்டதும் வானரர்கள் உறங்கி எழுந்தவர்களைப் போல எழுகிறார்கள். அதே களத்தில் செத்த அரக்கர்கள் ஏன் எழவில்லை? வால்மீகி இந்தக் கேள்வியிலிருந்து தப்பி ஓடவில்லை. மாண்ட அரக்கர்களின் உடல்களை உடனுக்குடன் கடலில் எறிந்துவிடும்படி இராவணன் கட்டளையிட்டிருந்தான் என்று காரணம் சொல்கிறார். இழப்பின் அளவு வெளியே தெரியக் கூடாது என்பது அவன் கவலை. அந்தக் கௌரவமே அவன் படைக்கு எமனாயிற்று. இதன் பொருள் என்ன? மூலிகைக்கு நண்பன், பகைவன் தெரியாது. களத்தில் உடல் கிடந்திருந்தால் அரக்கனும் எழுந்திருப்பான். விளையாட்டு உருவாக்கும் பிள்ளைகளே, உங்கள் உலகத்தில் ஒரு மூலிகையைக் காற்றில் விட்டால் எதிரியும் சேர்ந்து எழுவான் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். ஆடுபவர் எவ்வளவு யோசிக்க வேண்டிவரும்! அந்த யோசனைக்காகத்தானே ஆட்டம்?

இங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் தருமபுரி. பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் கதையிலும் ஒரு மாயக்கனி உண்டு. உயர்ந்த மலைப்பிளவில் அரிதாகக் காய்த்த நெல்லி, உண்டவருக்கு நீண்ட ஆயுள் தருவது. அதை அவன் தான் உண்ணாமல், அதன் பெருமையைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். புறநானூற்றில் ஔவையே இதைப் பாடி வைத்திருக்கிறார். இந்தக் கதையில் நெல்லி என்ன செய்தது என்பதை யாரும் பேசுவதில்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது, யாருக்கு என்ற கேள்விதான் அங்கே எல்லாம். ஆட்டத்தில் இருக்கும் நால்வருக்கும் ஆளுக்கொரு கனி கிடைத்துவிட்டால் கதை அங்கேயே செத்துவிடும்.

நம் நாட்டு வைத்தியர்கள் மூலிகை பறிப்பதற்கு வைத்திருந்த முறைகளையும் சற்றுச் சொல்ல வேண்டும். செடிக்குக் காப்புக் கட்டுவது, நீர் தெளித்துப் பூசை செய்வது, சாப நிவர்த்தி மந்திரம் சொல்வது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட வேளையில் போவது, நகம் படாமல் கிள்ளுவது, ஆணிவேர் அறாமல் எடுப்பது. இதில் எத்தனை நம்பிக்கை, எத்தனை பயன் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இத்தனை தடைகளைத் தாண்டிப் பறிக்க வேண்டியிருந்தவர் கூடை கூடையாகப் பறித்திருக்க முடியாது என்பது நிச்சயம். உருவத்தாலேயே மாயம் காட்டும் செடிகளும் இங்கே உண்டு. வெயில் ஏறும்போது தொழுகண்ணியின் சிற்றிலைகள் கண்ணுக்குத் தெரியும்படி ஏறி இறங்கும். ஜகதீஷ் சந்திர போஸ் இந்தச் செடியை வைத்துப் பல சோதனைகள் செய்தார். அழுகண்ணியின் இலை மயிர்களில் கண்ணீர்த்துளி போலப் பசை மின்னும், அதில் ஒட்டிய பூச்சியைச் செடி தின்றுவிடும். இவற்றை உங்கள் மாய உலகத்தில் வைக்க எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

சரி, சஞ்சீவி உண்மையில் எந்தச் செடி? சிறுமலை, கன்னியாகுமரி அருகே மருந்துவாழ்மலை, இலங்கையில் காலிக்குப் பக்கத்து ருமஸ்ஸல குன்று என்று எத்தனையோ இடங்களை, அனுமன் கொண்டுபோன மலையின் சிதறல் என்று மக்கள் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியை அறிவியல் முறையில் எடுத்துக்கொண்டவர்கள் நம் பெங்களூர்க்காரர்கள் என்பது இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. என். கணேசய்யா, ஆர். உமா சங்கர், சிர்சி வனவியல் கல்லூரியின் ஆர். வாசுதேவா மூவரும் 2009 ஆகஸ்டில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 'சஞ்சீவனியைத் தேடி' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த இதழும் இந்த ஊரிலிருந்து 1932 முதல் வெளிவருவதுதான். கணேசய்யாவைக் கன்னடம் படிப்பவர்கள் வேறு விதமாக அறிவார்கள். 'கனக முசுகு', 'கரிசிரியான' போன்ற நாவல்களில் வரலாற்றையும் அறிவியலையும் பிணைத்துப் புதிர்க்கதை எழுதியவர். கற்பனையும் ஆய்வும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் வாழ முடியும் என்பதற்கு அவரே சான்று.

அவர்கள் செய்தது எளிய, ஆனால் பொறுமை வேண்டும் வேலை. இந்தியத் தாவரங்களின் தகவல் தொகுப்பை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 80 மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் சஞ்சீவி என்றோ அதற்கு நெருங்கிய ஒலியிலோ பெயர் கொண்ட செடிகளைத் தேடினார்கள். 17 இனங்கள் கிடைத்தன. பல மொழிகளில் தொடர்ந்து அந்தப் பெயரைத் தாங்குபவை எவை என்று சலித்ததில் 6 ஆகச் சுருங்கின. பிறகு மலையில் வளருமா, உயிர்ப்பிப்பதோடு அதற்கு ஏதேனும் தொடர்பு தெரிகிறதா என்று பார்த்து, கடைசியில் இரண்டை முன்னிறுத்தினார்கள். ஒன்று, மரத்தில் தொற்றி வளரும் ஓர் ஆர்க்கிட். மற்றொன்று செலஜினெல்லா பிரையாப்டெரிஸ். இதுதான் சஞ்சீவி என்று மேசையைத் தட்டி அறிவிக்காமல், தேடல் எந்த வழியில் போக வேண்டும் என்று காட்டியதுதான் அந்தக் கட்டுரையின் நேர்மை.

செலஜினெல்லாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாயம் என்ற சொல்லுக்கு மிக அருகில் வரும் செடி அது. பூ கிடையாது, காய் கிடையாது. பெரணிகளுக்குத் தூரத்து உறவு. அதன் குலம் பூமியில் தோன்றி 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாறை இடுக்கில் வேர் பிடிக்கும். மழை நின்று வெயில் ஏறினால், மற்றச் செடிகள் வாடிச் சாகும். இதுவோ இலைக்கிளைகளை உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டு, பழுப்பு நிறப் பந்தாகிவிடும். தொட்டால் நொறுங்கும். யார் பார்த்தாலும் செத்துவிட்டது என்றே சொல்வார்கள். மாதக்கணக்கில் அப்படிக் கிடக்கும். மழை பெய்த சில மணி நேரத்தில் விரிந்து பச்சையாகும்.

இது எப்படி முடிகிறது? சாதாரணச் செடியின் செல்லில் நீர் பெருமளவு போய்விட்டால் செல்சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிகின்றன, புரதங்கள் உருக்குலைகின்றன. இத்தகைய உயிர்த்தெழும் செடிகளோ உலரத் தொடங்கும்போதே சர்க்கரைகளையும் சில காப்புப் புரதங்களையும் சேர்த்து வைக்கின்றன. நீர் போன இடத்தில் அவை நிரம்பி, கண்ணாடி போன்ற கெட்டி நிலையில் எல்லாவற்றையும் அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. சுருண்டுகொள்வது வெயிலின் கொடுமையிலிருந்து உள்ளிலைகளைக் காக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜில் ஃபாரன்ட் இத்தகைய செடிகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். வறட்சியைத் தாங்கும் பயிரை உருவாக்க இவற்றிடம் பாடம் கற்கலாம் என்பது அவர் நோக்கம். நம் பக்கத்தில் இதைச் சிறிய அளவில் பார்க்க விரும்புபவர்கள், ராமநகரம், சாவனதுர்கா பாறைகளுக்குக் கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் போங்கள். கருகிக் கிடந்த பாசிகள் பச்சை பூத்திருக்கும்.

இந்தச் செடிச்சாறு மனிதனைக் காக்குமா? 2005-இல், இங்கே சதாசிவநகரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி வெளியிடும் 'ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களில் செலஜினெல்லாவின் நீர்ச்சாற்றைச் சேர்த்தபோது, பூச்சியின் செல்கள் சுமார் 41 விழுக்காடும், பாலூட்டிகளின் செல்கள் சுமார் 78 விழுக்காடும் கூடுதலாக வளர்ந்தன. முன்கூட்டியே சாறு சேர்த்த செல்கள் வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் மேலாகத் தாங்கின. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கிண்ணத்தில் வளரும் செல்லுக்கும் படுக்கையில் கிடக்கும் மனிதனுக்கும் இடையில் நெடுந்தூரம் உண்டு. மயங்கிக் கிடப்பவருக்கு இதன் சாற்றைக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். கோயில் வாசலில், கடைத்தெருவில், காய்ந்த பந்தைத் தண்ணீரில் போட்டு விரியச் செய்து விற்கிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். சுருள்வதும் விரிவதும் பெரும்பாலும் நீர் ஏறி இறங்குவதால் திசுக்களில் நடக்கும் அசைவு. உயிர் போன செடியும் தண்ணீரில் விரியும். விரிகிறது என்பதால் அது பிழைத்துவிட்டது என்று பொருளில்லை.

கணேசய்யா குழுவினர் கைவைத்த ஒரு மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. என் மனத்தில் உண்மையான மிருதசஞ்சீவினிக்கு அதுவே அருகில் வருகிறது. 1966-இல் அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். புற்றுநோய்ச் செல் பெருகுவதைத் தடுக்கும் பொருள் அது. அதை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய டோபோடிகன், இரினோடிகன் என்ற மருந்துகள் இன்று பெருங்குடல், சினைப்பை முதலியவற்றின் புற்றுக்குத் தரப்படுகின்றன. 1972-இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் இருப்பதைக் கண்டறிந்தார்கள். நோத்தாபோடைட்டிஸ் நிம்மோனியானா என்று இன்றைய தாவரப் பெயர். பூ நாறும். ஒளி வீசாது. மலைக்காட்டில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நின்றிருந்த மரம்.

அது அறியப்பட்டதும் நடந்தது என்ன? ஏற்றுமதிக்காக வேரோடும் தண்டோடும் வெட்டப்பட்டது. காடு காடாக அருகியது. உமா சங்கர், வாசுதேவா முதலியோர் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் அலைந்து, எந்தப் பகுதி மரங்களில் அந்தப் பொருள் கூடுதலாக இருக்கிறது என்று அளந்து வைத்தார்கள். அந்த மரங்களைப் பாதுகாத்து அவற்றிலிருந்து கன்று எடுத்து வளர்த்தால் காட்டை வெட்ட வேண்டாம் என்பது அதன் பயன். முன்னே சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். செடியை இனம் காணத் தெரியாதவன் மலையைப் பெயர்க்கிறான். சுசேணனைப் போல இனம் காணத் தெரிந்தவர்களோ வேண்டியதை வேண்டிய இடத்தில் எடுப்பார்கள். ஆனால் அனுமன் எடுத்ததைத் திருப்பி வைத்தான். நாம் வைப்பதில்லை.

யலஹங்கா பக்கத்தில் 1993-இல் தர்ஷன் சங்கர் முதலியோர் தொடங்கிய மரபு மருத்துவ மீட்டுருவாக்க அறக்கட்டளை, எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், காட்டு மூலிகைகளைக் காக்கும் வேலையையே தலையாயதாக எடுத்துக்கொண்டது. கர்நாடக, தமிழக, கேரள வனத்துறைகளோடு சேர்ந்து காட்டுக்குள்ளேயே மூலிகைக் காப்பிடங்களை அமைத்தது. 2008-இல் தேசிய மூலிகை வாரியத்துக்காக அவர்கள் செய்த கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அப்போது வணிகத்துக்கு வந்த மூலிகைகள் சுமார் 960 இனம். அதில் 178 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்றன. அவற்றில் பெரும்பகுதி பயிரிடப்பட்டவை அல்ல, காட்டிலிருந்து வந்தவை. மரமஞ்சள் கொடி இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் அருகிப்போனதற்கு இதுவே காரணம்.

அறிவு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. 1987-இல் பொதிகை மலைப்பக்கம் ஆய்வுக்குப் போன கேரளத் தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடியினர், மலையேற்றத்தில் களைக்காமல் ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி அது. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் தரப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. பிறகு அந்த ஏற்பாட்டில் சிக்கல்கள் எழுந்தது உண்மை. ஆனாலும் சாம்பவானுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பதை இங்கே ஒருமுறை செய்து பார்த்தார்கள். அதை நான் மதிக்கிறேன்.

அறிவைப் போலவே, மலை யாருடையது என்ற கேள்வியும் உண்டு. உத்தராகண்டில், சமோலி மாவட்டத்தில் துரோணகிரி என்று ஒரு சிற்றூர். மருந்துமலை தங்களுடையது என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. அவர்கள் அனுமனை வணங்குவதில்லை. எங்கள் மலையைப் பெயர்த்துக்கொண்டு போனவன் என்ற மனத்தாங்கல் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறது. 2016-இல் அந்த மாநில அரசு சஞ்சீவியைத் தேட 25 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. எனக்கு அந்தத் தொகையைவிட அந்த ஊராரின் கோபம் முக்கியமாகப் படுகிறது. காப்பியம் முழுவதும் போற்றும் வீரனை, மலை இழந்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

விளையாட்டு உருவாக்கும் பிள்ளைகளே, இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன். உங்கள் மூலிகைக்கு நான்கில் ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். அதை அடையாளம் காணத் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருந்தாக வேண்டும் என்று வையுங்கள், அவர் வலிமை குறைந்தவராக இருக்கட்டும். மலையோடு பெயர்க்கலாம் என்ற வழியையும் அடைக்காதீர்கள். ஆனால் பெயர்த்தவர் திரும்ப வந்து வைக்காவிட்டால், அந்த மலையடி ஊரில் அவருக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. வேர் அறாமல் எடுத்தால் அடுத்த மழைக்கு அது மறுபடி முளைக்கட்டும், அறுத்தால் ஆட்டம் முடியும் வரை அந்தக் காட்டில் அது கிடையாது. வழி சொன்ன கிழவருக்குப் பங்கு உண்டு. விரிந்த இலையெல்லாம் உயிருள்ளது என்று நம்பி வாங்கியவர் ஏமாறட்டும். பெயர்களையும் வெளியூரிலிருந்து கடன் வாங்க வேண்டாம். தொழுகண்ணி, அழுகண்ணி, கருநெல்லி, ஆரோக்கியப்பச்சை என்று நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெருவில் காய்ந்த சஞ்சீவிப் பந்து விற்றால் வாங்காதீர்கள். நாம் வாங்கும் ஒவ்வொரு பந்துக்கும் எங்கோ ஒரு பாறையிலிருந்து ஒரு செடி பிடுங்கப்படுகிறது. உங்கள் வீட்டில், உங்கள் சொந்த ஊரில், செடியின் பெயரும் குணமும் தெரிந்த பாட்டியோ வைத்தியரோ இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை, செடியை நேரில் பார்த்து, அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதி வையுங்கள்.